கெசியாவின் தாத்தா ஊர்

கெசியா டிரான்டரின் வம்சத்தை வின்கோட்டில் யாரும் ஆசைப்பட்டு விசாரிக்கவில்லை. வயிறு பெருத்த பிறகுதான் விசாரித்தார்கள், அதுவும் கன்னத்தில் அறைந்து.

பண்ணையில் பால் கறந்து வெண்ணெய் கடைந்தவள். கல்யாணம் ஆகவில்லை. தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை எந்தத் தேவாலயப் பங்கில், அதாவது எந்த ஊர் எல்லைக்குள், பிறக்கிறதோ அந்தப் பங்குதான் அதற்குச் சோறு போட வேண்டும். அதை யாரும் துரத்த முடியாது. இந்தச் சட்டம் கெசியாவுக்கு நன்றாகத் தெரியும். அவளையும் அவள் அப்பனையும் ஊர் ஊராகச் சாட்டையால் அடித்து விரட்டியிருந்தார்கள். தன் பிள்ளையையாவது எவனும் விரட்டக் கூடாது, அது வின்கோட்டில்தான் பிறக்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள்.

பங்கின் ஏழைகளுக்குப் பொறுப்பாளர் ஜொசையா மாலெட். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் வரிசை. மற்ற நாளெல்லாம் அடிக்கக் கை நீளும்.

"உங்கப்பன் எந்த ஊருடி?"

"வைக்கோல் போர்ல பொறந்தாராம், ஐயா. எந்த ஊருன்னு தெரியாது."

அறை விழுந்தது. உதடு கிழிந்தது.

"அவனோட அப்பன்?"

"தார்லி. அங்க சொந்தமா செங்கல் சூளை வெச்சிருந்தாரு."

அந்த மகராசனுக்கு அது போதும். தாத்தா தார்லி என்றால் அப்பனும் தார்லி, அப்பன் தார்லி என்றால் மகளும் தார்லி. பிள்ளை பிறக்குமுன் அவளைத் தார்லிக்கே அனுப்பிவிடும்படி நீதிபதிகள் இருவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அவளுக்கு வலி கண்ட காலையிலேயே வண்டி வந்தது. காவலாள் ஏபல் ஃப்ரோம் முடியைப் பிடித்து இழுத்து வண்டியில் போட்டான். தார்லிக்கு ஆற்றைத் தாண்ட வேண்டும். பாலத்தின் நடுவில்தான் எல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கமே கெசியா உருண்டு விழுந்து மரத்தூணைக் கட்டிக்கொண்டாள்.

"விடுடி, சனியனே!"

"மாட்டேன்! இங்கதான் பெத்துக்குவேன்!"

ஏபல் தடியால் அவள் விரல்களில் அடித்தான். எலும்பு முறிந்தது அவளுக்கே கேட்டது. குனிந்தவனின் காதைக் கவ்வினாள். பாதி அவள் பல்லோடு வந்துவிட்டது. அக்கரையில் தார்லிக்காரர்கள் வைக்கோல் அள்ளும் கவைகளோடு நின்றார்கள்.

"அந்த வயித்த இங்க கொண்டாந்தீங்க, குடல உருவிருவோம்!"

ஒரு கல் பறந்து வந்து ஏபலின் மண்டையைப் பிளந்தது. மாலெட்டோடு வந்த வின்கோட் ஆட்கள் தடிகளோடு பாலத்தில் ஏறினார்கள். ஒருவன் கவை குத்தி ஆற்றில் விழுந்தான். இந்தக் கூத்துக்கு நடுவில், தூணடிச் சேற்றில், கெசியா பெற்றாள். ஆலைக்கார விதவை பாஸ்க் மட்டும் ஓடி வந்து தொப்புள்கொடி அறுத்தாள்.

"பொண்ணு! வின்கோட் மண்ணுல பொறந்துருக்கு. நான் சாட்சி. எவனாவது இல்லன்னு சொல்லுங்க பாப்போம்!"

ரத்தம் வழியும் வாயோடு கெசியா சிரித்தாள். ஜெயித்துவிட்டாள்!

மாலெட் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, புள்ள எங்களது. ஒத்துக்கிறேன். நீ எங்களவ இல்லையே?"

மார்பிலிருந்து குழந்தையைப் பிடுங்கி விதவையிடம் கொடுத்தார். இரண்டு பேர் கெசியாவின் கைகளைப் பிடித்துப் பாலத்தின் மேல் தரதரவென்று இழுத்தார்கள். பாவிகள், முறிந்த கையையும் விடவில்லை. தார்லிக்காரர்கள் கவைகளைத் தாழ்த்தினார்கள்.

"வயிறு காலியாயிடுச்சில்ல? பால் கறக்குற கை, வரட்டும்," என்றான் ஒருவன்.

அக்கரையில் அவளைப் போட்டார்கள். எழுந்து திரும்ப ஓடியவளைக் கவைக்காம்பால் நெஞ்சில் குத்தித் தள்ளினார்கள். மறுபடி ஓடினாள், மறுபடி விழுந்தாள். கடைசியில் மண்டியிட்டபடியே கத்தினாள்.

"ஏ புள்ள! ஒங்கம்மா பேரு கெசியா! ஒன் தாத்தா பேரு ஆமோஸ், வைக்கோல் போர்ல பொறந்தவரு! அவரோட அப்பா ஒபதியா, தார்லிக்காரரு!"

அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. மறுபடி தன் பெயரிலிருந்தே ஆரம்பித்தாள்.