மாதத்தின் முதல் திங்கள்

செம்மங்குப்பத்தில் இருந்த அந்த ரசாயனத் தொழிற்சாலை, ஆபத்துச் சங்கை மாதத்துக்கு ஒரு முறை ஊதிப் பார்க்கும். முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணி. ஆள் போய் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்த அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்க 2009 மே கடைசியில் பிரிசில்லா வந்தாள். அண்ணாமலை நகரில் சார்லஸ் நடத்திய சிறிய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் அவளுக்கு வேலை.

குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் 'கிரான்' என்ற நிரலில் ஒரே ஒரு வரி எழுதினாள். தேதி, ஒன்று முதல் ஏழு. கிழமை, திங்கள். இரண்டும் சேர்ந்து வருவது மாதத்தில் ஒரே நாள்தானே. ஜூன் முதல் தேதியே திங்கட்கிழமை. அவள் பக்கத்தில் நிற்க, பத்து மணிக்குச் சங்கு ஊதியது. கையெழுத்து வாங்கிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாளும் ஊதியது. ஏழாம் தேதி வரை தினமும், அப்புறம் திங்கள்தோறும். பக்கத்து ஊரான குடிகாட்டில், இரண்டாம் தேதி ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் தேதி வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஜூலையில் யாரும் தலை நிமிரவில்லை. ஷிப்ட் பொறுப்பாளர் கலியமூர்த்தியிடம் ஒருவர் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் ஊதுது. யோசிக்காமலா வச்சிருப்பாங்க?" என்றார்.

ஆகஸ்ட் ஐந்து, புதன்கிழமை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குழாய் இணைப்பு ஒன்று விட்டு வாயு கசிந்தது. கலியமூர்த்தியே ஓடிப்போய்ச் சங்கை ஊதினார். குடிகாட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த ராசம்மாள், கண் எரிந்த பிறகுதான் ஓடினாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

சேதி கேட்ட அன்றே பிரிசில்லா கிரானின் கையேட்டைத் திறந்தாள். தேதியையும் கிழமையையும் சேர்த்துக் குறித்தால், இரண்டில் ஒன்று பொருந்தினாலே கட்டளை ஓடும் என்றிருந்தது. அந்த வாக்கியத்தை மூன்று முறை படித்தாள். பிறகு திங்கட்கிழமைகளில் மட்டும் ஓடவிட்டு, தேதி ஏழுக்குள் இருந்தால்தான் சங்கு ஊதும்படி வரியை மாற்றினாள்.

"லீக் ஆனது அவுங்க பைப்புல. சங்கு ஊதத்தான செஞ்சிது? நம்ம பேரு எதுக்கு வரணும்?" என்றார் சார்லஸ்.

"ஊதினத யாரும் நம்பலியே சார்."

ராசம்மாள் வீடு திரும்பிய மறுநாள் பிரிசில்லா குடிகாட்டுக்குப் போனாள். ராசம்மாளின் புருஷன் ஆண்டி வெளியே வந்தான்.

"அந்தச் சங்குக்கு நேரம் வச்சது நான்தாண்ணே. மாசத்துல ஒரு நாள்தான் ஊதியிருக்கணும். நான் தப்பா எழுதிட்டேன்."

"அப்ப தெனம் ஊதினது?"

"எல்லாம் என் தப்பு."

திட்டுவான் என்று நின்றாள்.

"அவ எழுந்திரிக்கத்தான் பாத்தா," என்றான். "நான்தான், 'பத்து மணி சங்குடி, ஒக்காரு'ன்னேன். ஊர்ல எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. பொண்டாட்டிய நீயே புடிச்சி ஒக்கார வச்சியேடான்னு."

உள்ளே ராசம்மாள் இருமுவது கேட்டது.

"நீ சொன்னத எல்லாரு முன்னாடியும் சொல்வியாம்மா?"

"சொல்றேண்ணே."

அடுத்த வாரம் தொழிற்சாலை வாசலில் நடந்த விசாரணையில் ஊர் ஜனங்கள் முன்னால் அதைச் சொன்னாள். எழுதியும் கொடுத்தாள். சார்லஸுக்கு அந்த ஒப்பந்தம் போயிற்று. இரண்டு வாரம் அவர் அவளோடு பேசவில்லை. ராசம்மாளின் இருமல் கடைசிவரை முழுதாகத் தீரவில்லை. ஆண்டியை மட்டும் ஊர் அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.