குஜா கால் வைத்த இடம்

1

இந்தக் கதை பஸ் பங்ச்சர் ஆனதால் வந்தது. இதைவிடப் பெருமையான காரணம் சொல்ல ஆசைதான், ஆனால் கிடையாது. எண்பத்தேழோ எண்பத்தெட்டோ, தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும்போது செம்பாக்கம் ஏரி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. எதிரே ஒரு புது வீடு. சுற்றிலும் நெருஞ்சி மண்டிக் கிடக்க, அந்த வீட்டு வாசலில் மட்டும் பச்சைப் பசேலென்று புல். அந்தப் புல்லில் அங்கங்கே வழுக்கை. வாசல்படியில் ஒரு சின்னப் பெண், ஒரு காலில் கம்பி வைத்த பூட்ஸோடு, கீழே இறங்காமல் அந்த வழுக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு. (கடைசியில் ஒன்று மட்டும் என் சரக்கில்லை. வரும்போது சொல்கிறேன்.)

2

'பூமாதேவி அன்று கோபமாக' (வேண்டாம். அவளுக்கு வேறு வேலை இல்லையா?)

'யக்ஞநாராயணன் இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து வந்ததும்' (இதுவும் வேண்டாம். இன்ஷூரன்ஸ்காரர் குனிந்து செடியைப் பார்க்கமாட்டார். ஸ்கூலில் சயன்ஸ் வாத்தியாராக மாற்றிவிட்டேன். அவரும் மறுப்பு சொல்லவில்லை.)

யக்ஞநாராயணன் புல் வளர்த்ததே மகள் குஜாவுக்காகத்தான். பாட்டி பெயர் அபிதகுஜாம்பாள். ஐந்து வயசுக்கு அது தாங்காது என்று குஜா. போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. தினமும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு புல்லில் நடக்க விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். யக்ஞநாராயணன் சாக்கில் புல் கொண்டுவந்து வேர் வேராக நட்டார். ஆடி முடிவதற்குள் குஜா அப்பா கையை விட்டுவிட்டுத் தானாகவே இரண்டடி வைத்தாள். அம்மா ரமா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்புறம்தான் புல் கருக ஆரம்பித்தது. அதுவும் குஜா நின்ற இடமாகப் பார்த்து.

அந்த மனையை விற்ற கிளியம்மாள் காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டினாள். "இன்னா வாத்யாரே, எங்க மாமியா காலத்துல பொன்னு வெளஞ்ச மண்ணு இது. பாப்பா நின்ன எடமெல்லாம் கருகிக்கினு கீதே, இன்னாத்த ஊத்தற?"

"வெறும் தண்ணிதாம்மா."

"அப்ப பாப்பா காலத்தான் கழுவி வுடணும்!" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

படியில் இருந்த குஜாவின் காதில் அது விழுந்துவிட்டது. மறுநாள் அவள் இறங்கவில்லை.

"நான் மிதிச்சா புல்லு செத்துப் போறதுப்பா."

அவர் மண்ணைத் தோண்டிப் புழு தேடினார். ஒன்றும் இல்லை. குஜாவுக்குக் கால் கழுவிவிடும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். பார்த்த பிறகுதான், தான் எதைத் தேடினோம் என்பது புரிந்தது. கிளியம்மாளின் கேலியை அவரும் பாதி நம்பியிருக்கிறார்!

3

துப்பறியும் கதைக்காரர்கள் இதைக் கடைசிவரை ஒளித்துவைப்பார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உப்பு!

நடக்கிற குழந்தைமேல் ஊர்க் கண் பட்டுவிடுமே என்று ரமாவுக்கு பயம். வாத்தியார் ஸ்கூலுக்குக் கிளம்பினதும் குஜாவை நடந்த இடத்திலேயே நிறுத்தி, ஒரு கை கல் உப்பை மூன்று சுற்று சுற்றி அங்கேயே போட்டுவிடுவாள்.* "அப்பாகிட்ட சொல்லப்படாது, என்ன?" புல் கருகியதும் புல்லுக்கும் கண் பட்டுவிட்டது என்று நினைத்தாள். அதற்கும் சுற்றினாள், இரண்டு கை.

* சுற்றின உப்பை நெருப்பில் போடவேண்டும். அது ரமாவுக்கும் தெரியும். ஆனால் அடுப்பில் படபடவென்று வெடித்தால் அக்கம்பக்கத்துக்குக் கேட்டு வாத்தியார் காதுக்கும் போய்விடும், எல்லாரையும்விடப் பெரிதாகக் கேலி பண்ணுகிறவர் அவர்தானே!

4

ஐப்பசி அடைமழை உப்பைக் கரைத்துவிடும், புல் திரும்பிவிடும், குஜா நடப்பாள், சுபம். இப்படித்தான் முடிக்க இருந்தேன். எழுதியும் பார்த்தேன்: 'மழை விட்ட காலையில் அந்த வழுக்கைகளில் மறுபடியும் புல்'

அதற்கு மேல் ஓடவில்லை. அங்கே முளைத்திருந்தது புல் இல்லை. சின்னச் சின்னதாக, சதைப்பிடிப்பான இலை. சிவந்த தண்டு. வழுக்கை எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும், அளவெடுத்த மாதிரி. சத்தியமாக நான் அதை முளைக்க வைக்கவில்லை.

யக்ஞநாராயணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மரக்காணம் உப்பளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது பார்த்த செடி. உமரி! உப்பு மண்ணில்தான் வரும். கடல் எங்கே, செம்பாக்கம் எங்கே? ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தார். கரித்தது.

(உப்பு மூட்டையோடு விதை வந்ததா? பள்ளிக்கரணைச் சதுப்பிலிருந்து கொக்கின் காலில் ஒட்டிக்கொண்டு வந்ததா? இல்லை, என்றோ கடல் இந்த இடம்வரை இருந்தபோது மண்ணுக்குள் தூங்கினதா? மூன்றையும் எழுதினேன். எதை அடிக்கவும் கை வரவில்லை.)

"ரமா, இங்க உப்பு போட்டியா?"

"கொழந்தைக்குத்தான் சுத்தினேன்னா." அவள் அவரைப் பார்க்கவில்லை. "கோவமா?"

அவர் கேலி பண்ணவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார். "குஜா, உன் காலால ஒண்ணும் சாகலைடா. அது அம்மா போட்ட உப்பு."

"அப்போ இது எப்படிப்பா மொளைச்சுது?"

ஸ்கூலில் எந்தக் கேள்விக்கும் அசராதவர். "தெரியலைடா."

"மிதிச்சா இதுவும் செத்துடுமா?"

"அதுவும் தெரியலை."

அப்பாவுக்குத் தெரியாதது ஒன்று வாசலிலேயே இருக்கிறது! குஜா பூட்ஸ் வாரை அவிழ்த்துக் கழற்றிவிட்டுக் கடைசிப் படிக்கு வந்தாள்.

5

ஒரு முடிவு: இறங்கினாள். இன்னொன்று: அவள் இறங்குவதற்குள் கிளியம்மாள் வந்து, "இன்னாத்துக்கு வாத்யாரே இத வேடிக்க பாத்துக்கினு கீற, பருப்பு போட்டுக் கடைஞ்சா சோக்கா இருக்கும்" என்று மடி நிறையப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். மூன்றாவது முடிவில் குஜா படியிலேயே உட்கார்ந்து

வேண்டாம். செடியையே நான் முளைக்க வைக்கவில்லை. காலை வைக்க நான் யார்?

அந்தச் சூம்பின கால் இப்போது படிக்கும் தரைக்கும் நடுவே அந்தரத்தில் இருக்கிறது. விரல்கள் விரிந்திருக்கின்றன. நான் கையை எடுத்துவிட்டேன். நீங்களும் அவ்வளவு கிட்டே வந்து குனியாதீர்கள். கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், குழந்தைக்கு வழி வேண்டும்.