நாடியைத் தொட்ட கை

மாதத்தின் முதல் வாரத்தில் ஒருநாள் ருக்மிணி புளியங்குடி பஸ் ஏறுவாள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். மத்தியானம் இரண்டு கிலோ எலுமிச்சங்காயோடு திரும்புவாள். தென்காசி மார்க்கெட்டில் எலுமிச்சங்காய்க்கு என்ன பஞ்சம் என்று கேட்டால், "புளியங்குடி காய்க்குத்தான் சாறு ஜாஸ்தி" என்பாள். வீட்டில் இருப்பதோ அவளும் அவள் கணவர் குற்றாலநாதனும். அவருக்கு ரத்தக்கொதிப்பு, ஊறுகாய் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கக்கூடாது. அப்புறம் ஏழு வருஷமாக அந்த எலுமிச்சங்காயெல்லாம் எங்கே போயிற்று? எங்கள் வீடுகளுக்குத்தான். வீட்டுக்கு ஆறு, எட்டு என்று வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போவாள்.

வாங்கிக்கொண்டவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்களா? ஒருத்தி, ஏதோ வேண்டுதல் என்றாள். இன்னொருத்தி, அங்கே யாரோ குறி சொல்கிறாளாம், எலுமிச்சம்பழம் மந்திரித்துத் தருகிறாளாம் என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வீடுகளில் அந்தக் காயைச் சாதத்துக்குப் பிழியாமல் விளக்கு தேய்க்கப் பயன்படுத்தினார்கள். புளியங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் பொன்செல்வி என்பவள் ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறாள் என்பது மட்டும் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. அக்ரஹாரத்து மாமி, அதுவும் ஐம்பத்தாறு வயசில், பார்லருக்குப் போவாள் என்று நினைக்க எங்களுக்குக் கற்பனை போதவில்லை.

விஷயம் இதுதான். ருக்மிணிக்கு நாற்பத்தொன்பது வயதில் மாதவிலக்கு நின்றது. நின்ற சூட்டோடு முகவாயில் முடி வந்தது. பூனைமுடி என்றால் மஞ்சளைப் பூசிவிட்டுப் போகலாம். இது தேங்காய் நாரைப்போல் விறைப்பாக, கறுப்பாக, ஐந்தாறு. உதட்டுக்கு மேலேயும் ஒரு நிழல். தலையில் கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறதே என்று வெந்தயமும் கறிவேப்பிலையும் அரைத்துப் பூசிப் பூசி அலுத்தவள். அங்கே கேட்டும் வராத முடி, கேட்காத இடத்தில் வந்து நின்றது.

லேடி டாக்டர், "வயசானா இது நிறையப் பேருக்கு வர்றதுதாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே ருக்மிணி கோயிலில் உட்கார்ந்து போகிற வருகிற பெண்களின் முகவாயையெல்லாம் பார்த்தாள். ஒருத்திக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒன்று, எல்லாரும் தன்னைவிடக் கெட்டிக்காரிகள். இல்லாவிட்டால் டாக்டர் ஆறுதலுக்குச் சொன்னது.

குற்றாலநாதன் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் முற்றத்துக் கண்ணாடி முன் நின்று ராகம் இழுத்துக்கொண்டு சவரம் செய்வார். ஒரு கன்னத்தில் நுரையோடு வாசலுக்கு வந்து பால்காரனிடம் அரசியல் பேசுவார். ருக்மிணி அந்தக் கண்ணாடி முன் நிற்பது அவர் குளிக்கப் போன பிறகு, வாசல் தாழ்ப்பாளைப் போட்ட பிறகு. கையில் ப்ளக்கர். மூக்குக்கண்ணாடி வழியே பார்க்க அண்ணாந்தால் முகவாயில் இருட்டு விழும், குனிந்தால் முகவாயே தெரியாது. விரலால் தடவித் தடவிப் பிடுங்க வேண்டும். பாதி வரும், பாதி ஒடியும். ஒடிந்தது முள்ளாய் நிற்கும். அதனால்தான் புளியங்குடி. பொன்செல்வி பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு குனிவாள். ஐந்து நிமிஷம் கண்ணில் தண்ணீர் வரும். மூன்று வாரத்துக்குக் கவலையில்லை.

நான்காவது வாரத்தில்தான் ருக்மிணி வேறு ஆளாகிவிடுவாள். நம் பக்கத்துப் பெண்களுக்குப் பிரியம் வந்தால் கை நேரே நாடிக்கு, அதாவது முகவாய்க்குத்தானே போகும்? விரல் நுனியால் நாடியைத் தொட்டு, அந்த விரலை முத்திக்கொள்வார்கள். யாராவது அப்படிக் கையை நீட்டினால் ருக்மிணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் குற்றாலம். சீசனில் ஊரே அங்கே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். இவள் ஏழு வருஷமாக அருவிப் பக்கம் போகவில்லை. முகவாயில் அப்பிய பவுடர் கரைந்துவிடும் என்று சொல்ல முடியுமா? சளி பிடிக்கும் என்றாள். மண்டைக்கனம் என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

போன வருஷம் மகன் அஸ்வத் சென்னையிலிருந்து வந்து ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னான். கூட வேலை பார்க்கிற சுகந்தி, சொந்த ஊர் அச்சன்புதூர். அப்பா நல்லகண்ணு நெல் விவசாயம். வேறு சாதி. ருக்மிணி அழுதாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "அவா ஆத்துல போய் எப்படிடா கை நனைக்கிறது?" என்று கேட்டாள். இதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா, சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் காது இல்லையா? ஒரு வருஷம் கழித்து, பையன் முகத்துக்காகச் சரி என்றாள்.

ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் காசி விசுவநாதர் கோயிலில் சந்திப்பது, பிறகு நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்ப்பது என்று ஏற்பாடு. அந்த வாரம் பார்த்துப் பொன்செல்வி, அக்கா மகளுக்குச் சடங்கென்று பார்லரைப் பூட்டிவிட்டுப் போயிருந்தாள். ருக்மிணி காலையில் தானே பிடுங்கிப் பார்த்தாள். மூன்று வந்தது. நடுவில் நின்ற தடித்த ஒன்று பாதியில் ஒடிந்தது. மேலே பவுடரை அப்பிக்கொண்டு கிளம்பினாள்.

கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. சுகந்தியின் அம்மா முருகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே எட்டில் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"என்ன மதினி, மகாலட்சுமி கணக்கா இருக்கிய!" என்று நாடியைத் தொடக் கையை நீட்டினாள்.

ருக்மிணியின் தலை ஒரு சாண் பின்னால் போயிற்று. காலும் ஓர் அடி பின்வாங்கியது. முருகம்மாளின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு இறங்கி, முந்தானையில் தன்னைத்தானே துடைத்துக்கொண்டது. அப்புறம் எல்லாரும் நிறையப் பேசினார்கள். மழையைப் பற்றி, சென்னை வெயிலைப் பற்றி. சுண்டல் வாங்கித் தின்றார்கள்.

சாயங்காலம் சென்னையிலிருந்து அஸ்வத் போன் செய்தான்.

"என்னம்மா பண்ணினே?"

"என்னடா பண்ணினேன்?"

"சுகந்தி அம்மா கையைத் தட்டிவிட்டியாமே."

"தட்டலைடா. நகர்ந்தேன்."

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்? 'கையைக் கழுவிட்டுத்தான் வந்தேன்னு ஒன் மாமியார்ட்ட சொல்லுட்டி'ன்னு அவகிட்ட சொல்லி அழுதிருக்கா. நிச்சயதார்த்தமே வேண்டாங்கறா. எங்க கை பட்டா தீட்டுங்கற வீட்டுல எம்மகளக் குடுக்கமாட்டேங்கறா."

"பல் வலிடா. தொட்டா உயிர் போயிடும்போல இருந்தது."

அரை மணி நேரத்தில் முருகம்மாளின் பதிலோடு அஸ்வத் மறுபடி கூப்பிட்டான். "பல் வலிக்காரவுக எப்படிக் கடலைச் சுண்டலை ரெண்டு கை வாங்கித் தின்னாக?"

அஸ்வத், "ஏம்மா பொய் வேற சொல்றே?" என்று கேட்டு போனை வைத்துவிட்டான்.

இருபத்தெட்டு வயசுப் பையனிடம், அம்மாவுக்குத் தாடி முளைக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதுகூடப் பரவாயில்லை. முருகம்மாள் சொன்னது அபாண்டம் என்று கோபப்படத்தான் ருக்மிணி முயன்றாள். கோபம் வரவில்லை. கை நனைப்பதைப் பற்றிக் கேட்ட வாய் அவளுடையதுதான். வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கென்று கொல்லைப்புற ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் தம்ளர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. செய்யாத குற்றம் ஒன்று அளவெடுத்துத் தைத்த ரவிக்கைபோல அவளுக்கு அப்படியே பொருந்தியது.

மறுநாள் காலை குற்றாலநாதன் நுரையைப் பூசிக்கொண்டே கேட்டார்.

"இந்த மாசம் புளியங்குடி போகலையா?"

"கடை பூட்டியிருக்கு."

"எலுமிச்சங்காய் மார்க்கெட்டையா பூட்டிட்டா?"

அவர் ரேசரைக் குவளைத் தண்ணீரில் அலசினார். "நான் இதைத் தெனம் பண்றேன், தெருவே பாக்கறது. நீ மாசத்துக்கு ஒருதரம் பஸ் ஏறிப் போய்ப் பண்ணிண்டு வரே. அவ்வளவுதானே? அந்த அம்மாகிட்ட நேரே சொல்லிடேன்."

இவருக்குத் தெரியுமா! ருக்மிணிக்கு முதலில் வந்தது ஆறுதல் இல்லை, ஆத்திரம். "தெரிஞ்சுண்டா ஏழு வருஷமா ரெண்டு கிலோப் பையைத் தூக்கவிட்டேள்?"

"நீ சொல்லாததை நான் எப்படிடீ கேக்கறது?" என்று அவர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

பத்து மணிக்கு முருகம்மாளுக்குப் போன் போட்டாள். எடுத்ததுமே பின்னால் பெண்களின் சத்தம், தண்ணீர்ச் சத்தம்.

"வயல்ல நிக்கேன். நாத்து நடுகை ஓடுது. என்ன விசயம்?"

"ஒரு விஷயம் சொல்லணும். போன்ல சொல்ல வரலை."

"நாளையோட நடுகை முடியுது. நாளான்னைக்கு நட்ட பொம்பளையளக் கூட்டிட்டு மெயின் அருவிக்குப் போறோம். அங்கன வாங்க. எங்ககூடச் சேந்து குளிங்க. பொறவு பேசுவோம்."

இது பரீட்சை என்று ருக்மிணிக்கு விளங்கியது. முருகம்மாள் வைத்தது ஒரு பரீட்சை. அதற்குள் இன்னொன்று இருப்பது முருகம்மாளுக்கே தெரியாது.

சனிக்கிழமை காலை. அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தில் தண்ணீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அச்சன்புதூர்ப் பெண்கள் பத்துப் பேர், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி இடித்துக்கொண்டு நின்றார்கள். முருகம்மாள் ருக்மிணியைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள், அவ்வளவுதான்.

ருக்மிணி உள்ளே போனாள். முதல் அடியிலேயே பவுடர் போயிற்று. மண்டையில் தண்ணீர் இடித்தது. இரண்டு பக்கமும் ஈரத் தோள்கள். யாருடைய கையோ விழாமலிருக்க அவள் இடுப்பைப் பிடித்தது. ஏழு வருஷமாக இதை விட்டிருந்தோமே என்றுதான் முதலில் தோன்றியது அவளுக்கு. பிறகு சொல்ல வந்ததைச் சொன்னாள். அருவிக்குள் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? "என்ன?" என்று முருகம்மாளின் வாய் அசைந்தது. மறுபடி கத்தினாள். கேட்கவில்லை.

ருக்மிணி அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் முகவாயில் வைத்தாள்.

விரல் ஓர் இடத்தில் நின்றது. திரும்பி வந்து அதே இடத்தைத் தடவியது. முருகம்மாள் அவளைக் கம்பிக்கு வெளியே, வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான். விரல்ல குத்திடுமேன்னு..."

"அடப் பாதகத்தி! பல் வலியாம்ல! எனக்கு மேலுதட்டுல வரும், மதினி. அவுக பிளேடை எடுத்துச் செரைச்சிருவேன். மூணு நாளைக்கு நல்லாருக்கும். நாலாம் நாளு அவுக மீசைக்கும் எனக்கும் போட்டிதான்." அதை அவள் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. பக்கத்தில் தலை துவட்டிய பெண்கள் சிரித்தார்கள். "அசையாதிய, நில்லுங்க."

முந்தின நாள்வரை நாற்றுப் பறித்த கை. கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரல் நகமும் சேர்ந்து, ப்ளக்கருக்குத் தப்பிய அந்த முள்ளைப் பிடித்தன.

"ஏ முருகம்மா, அங்கன என்ன பேன் பாக்கியா?" என்று ஒருத்தி கூப்பிட்டாள்.

"இல்லட்டி, களை எடுக்கேன்!"

சுருக்கென்று ஒரு வலி. ருக்மிணியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. முருகம்மாள் விரலை உதறிவிட்டு, சிரிப்பு இறங்கிய முகத்தோடு நின்றாள்.

"ஒண்ணு கேக்கேன் மதினி. நெசத்தச் சொல்லணும். முடிக்காக மட்டுந்தானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். காரியம் முடிந்திருக்கும். நாங்களாயிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்போம். ருக்மிணி ஈர முந்தானையைப் பிழிந்தாள். மறுபடியும் பிழிந்தாள்.

"இந்தத் தடவை முடிக்காகத்தான்" என்றாள்.

முருகம்மாள் அவளை நன்றாகப் பார்த்தாள். ஓடிப்போய்விடாமல் நிற்கிறாளா என்று பார்ப்பதுபோல இருந்தது.

"பல் வலிக்கு இது தேவல" என்றாள் கடைசியில். "ஆவணியில நிச்சயம் வச்சுக்கிடுவோம். ஆனா ஒங்க வீட்டுக்கு வரையில, எந்தத் தம்ளர்ல தண்ணி தாரியன்னு நான் பாக்கத்தான் செய்வேன்."

ருக்மிணிக்குக் கொல்லைப்புற ஜன்னல் கண் முன்னால் வந்தது. "பாருங்கோ" என்றாள்.

முருகம்மாள் மறுபடி கையை நீட்டினாள். புதன்கிழமை பாதியில் நின்றதை முடிக்க வந்த கை. மஞ்சளும் ஈரமுமாக அது நாடிக்கு வருவதற்குள் ருக்மிணியின் கழுத்து பின்னால் போகத்தான் பார்த்தது. ஏழு வருஷப் பழக்கமா, அதற்கும் முந்தையதா, அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அவள் கழுத்தைப் போகவிடவில்லை. அங்கேயே நின்றாள்.