ஏழு நடை

பொய்யைக் கண்டுபிடித்த அன்று இசைவாணி ஆபீசில் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தாள். பின்னால் இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சமோசாதான் முதலில் வந்து நிற்கும், காது மடல் சூடாகும்.

கள்ளக்குறிச்சியில் ஓர் உழவர் கம்பெனியில் அவளுக்கு வேலை. கல்வராயன் மலையில் விளையும் சாமையை வீடு வீடாக வாங்கி, ஜீப்பில் ஏற்றி, கச்சிராயபாளையம் குடோனில் இறக்கி, ஈரம் பார்த்து, மில்லுக்கு அனுப்புவது கம்பெனியின் தொழில். எந்த வீட்டு மூட்டை, எந்த ஜீப், எத்தனை மணி, யார் பதிந்தது என்று ஒவ்வொன்றும் ஃபோனில் பதிவாகிவிடும். அந்தப் பதிவுகளைக் கோத்துப் பார்த்து, வேலை எங்கே தேங்குகிறது, எங்கே தப்பு நடக்கிறது என்று சொல்ல வேண்டியவள் இவள். களமருதூரில் நடவுக்குப் போகும் அவள் அம்மா, "எம்பொண்ணு உக்காந்த எடத்துலயே தப்பு கண்டுபுடிக்கிறா" என்று வயலில் பக்கத்து வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அப்படித்தான், உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்தாள். மலையில் மூட்டை ஏற்றிவிடும் பொறுப்பில் இருந்த இருசப்பன், ஒரே நாளில் ஏழு நடை ஜீப்பை அனுப்பியதாக அவள் அட்டவணை சொன்னது. மலையிலிருந்து குடோனுக்குப் போய்வரவே நாலு மணி நேரம் ஆகும். ஏழு நடை எப்படிப் போகும்? அதுவும் ஏழும் ஒரே நிமிடத்தில், காலை பத்து நாற்பதுக்கு. ஆள் ஒரே இடத்தில் குந்திக்கொண்டு பட்டனை ஏழு முறை அமுக்கியிருக்கிறார் என்று முடிவு கட்டினாள். மற்ற நாட்களையும் பார்த்தாள். ஐந்து நடை, ஒன்பது நடை, ஆறு நடை. அறிக்கையில் 'பொய்ப் பதிவுகள்' என்று தலைப்புப் போட்டு, அதற்குச் சிவப்பு வேறு அடித்தாள்.

இருசப்பனின் ஃபோன் நம்பர் அதே அட்டவணையில் பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இந்த மகாராணிக்குத் தோன்றவில்லை.

மேலாளர் நிர்மலா அந்த அறிக்கையோடு மலையேறி, சாமை போடும் நாளில், ஊரே மூட்டையும் கையுமாக நிற்கும்போது வாசித்தார். இருசப்பனிடமிருந்த கம்பெனி ஃபோனை வாங்கி, அதே ஊர்ப் பையன் அஜித்குமார் கையில் கொடுத்தார். "ஒரு நடைதாங்க போச்சு" என்று இருசப்பன் இரண்டு தடவை சொன்னாராம்.

அடுத்த மாதப் பதிவுகள் வந்தன. அஜித்குமார் ஒரே நாளில் எட்டு நடை, ஒரே நிமிடத்தில்.

'இவனுமா' என்றுதான் அப்போதும் முதலில் நினைத்தாள். பிறகுதான், இரண்டு பேருமா ஒரே மாதிரி பொய் எழுதுவார்கள் என்று சந்தேகம் வந்தது. தான் போட்ட அட்டவணையை மூடிவிட்டு, ஃபோனிலிருந்து வந்த மூலப் பதிவைத் திறந்தாள். ஜீப் கிளம்பியதாக ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. அந்த ஒரு பதிவோடு எட்டு வீட்டு மூட்டைகள் சேர்ந்திருந்தன. இவள் வீட்டுக்கு ஒரு வரி என்று பிரித்து அட்டவணை போட்டபோது, அந்த ஒரே கிளம்பல் எட்டு வரியிலும் போய் ஒட்டிக்கொண்டது. வரியை எண்ணி நடை என்று எழுதியிருக்கிறாள். எட்டு வீட்டுக்குப் பத்திரிகை வைத்தால் எட்டுக் கல்யாணமா நடக்கும்? ஒரே நிமிடம் என்பதே ஒரே ஜீப் என்பதற்குச் சாட்சி. அதைத்தான் அவள் அந்த மனுஷருக்கு எதிரான சாட்சியாக்கினாள்.

நிர்மலாவிடம் சொன்னாள். "அடுத்த ரிப்போர்ட்ல திருத்திடு இசை. இப்பப் போய்க் கிளறினா நம்ம மேல இருக்கிற நம்பிக்கையும் போயிடும்" என்றார் நிர்மலா. இசைவாணிக்கு அப்பாடா என்று இருந்தது. இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். அந்த இரண்டு நாளுக்காகவும் பின்னால் வெட்கப்பட்டாள். மூன்றாம் நாள் நடந்த தப்பைத் தன் பெயரிலேயே எழுதி நிர்மலாவுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினாள். அன்று சாமை போடும் நாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் இருசப்பன் வீட்டுக்கு வழி கேட்டாள்.

"எந்த இருசப்பன்? ஏழு நடையா? அதோ, பலாமரத்துக்குப் பக்கத்து வூடு" என்றார் கடைக்காரர்.

இருசப்பன் வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். இசைவாணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அறிக்கையை எழுதியது தான்தான், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்றாள். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சாலம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தண்ணிக்குப் போனாக்கூட, இது எத்தினியாவது நடைன்னு என்ன கேக்கறாளுங்க. ஒரு மாசமா கேட்டுக்கினு கீறேன். நீ யாருன்னே எங்களுக்குத் தெரியாது. எங்களப் பத்தி நீ எப்பிடிம்மா எழுதின?"

"தப்புங்க" என்றாள் இசைவாணி.

இருசப்பன் அரிவாளை வேலியில் செருகினார். "இங்க வந்து எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அத அன்னிக்கு எங்க படிச்சாங்களோ அங்க சொல்லுங்க" என்றார்.

மூட்டை ஏற்றும் இடத்துக்கு மூன்று பேரும் நடந்தார்கள். ஜீப் நின்றிருந்தது. சுற்றிலும் நாற்பது பேர் இருப்பார்கள். இசைவாணி ஜீப் பக்கம் போய் நின்று சொன்னாள். "ஜீப்பு ஒரு நடைதான் போயிருக்கு. ஏழு வீட்டு மூட்டை அதுல இருந்துச்சு. நான் வீட்டுக்கு ஒரு நடைன்னு எண்ணிட்டேன். பொய் எழுதினது அவர் இல்லீங்க, நான்தான். என்னை மன்னிச்சிடுங்க."

"அப்ப எட்டு வூட்டு மூட்ட ஏத்தின நானு எட்டு நடையா?" என்றான் அஜித்குமார். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. அஜித்குமார் கம்பெனி ஃபோனை இருசப்பனிடம் நீட்டி, "இந்தாங்க மாமா, நீங்களே பாருங்க" என்றான். அவர் வாங்கி, வேட்டியில் துடைத்து, சட்டைப் பையில் வைத்தார். தீர்ந்தது என்று இசைவாணிக்கு மூச்சு வந்தது.

அப்போது ஜீப்புக்குப் பின்னாலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கேலியாகக்கூட இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலத்தான்.

"ஏழு நட, இந்த மூட்டைய ஒரு கை புடி."

"தோ வந்துட்டேன்" என்று இருசப்பன் போனார்.