தலையில்லாத மயில்

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. முழுக்க என் கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சதுரங்கப்பட்டினத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். ஊரே கூடி நின்று பார்த்த சண்டை.

செங்கல்பட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த ஸ்டான்லி, ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் ஒரு மாசி மகத்தன்று எங்கள் கடற்கரைக்கு வந்து, மீன் விற்கும் பெண்களை ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்தாராம். அவர் மகள் பிரிசில்லா அவற்றைப் பெரிதாக்கிச் சமுதாயக் கூடத்தில் மாட்டினார். படங்களுக்குக் கீழே நாலு வரி எழுத என்னைக் கூப்பிட்டார். நாலு வரியோடு நிற்கிற ஆளா நான்?

2

முதல் தொடக்கம்: 'அலைகள் ஓய்ந்த ஒரு மாலையில், காலம் உறைந்துபோன அந்தப் படங்களில்...'

(சீ! அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் அலை என்றைக்கு ஓய்ந்தது?)

இரண்டாவது தொடக்கம்: 'யோகேஸ்வரி கூடத்துக்குள் நுழைந்தபோது மீன் கூடை கையிலேயே இருந்தது.'

இது நடந்தது. வைத்துக்கொள்வோம். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் வியாபாரம் முடித்து நேராக வந்திருந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் ஆதியம்மாளை இழந்தவர். அம்மா முகம் தெரியாது. வீட்டில் ஒரு படமும் கிடையாது. மிச்சம் இருப்பது அம்மாவின் முகப்புச் சங்கிலி ஒன்றுதான். முகப்பில் ஒரு மயில், தலை உடைந்த மயில். அதை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை.

முதல் படத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டார். படத்துப் பெண்ணின் கழுத்தில் அதே மயில், தலையில்லாமல்.

"எங்கம்மாடா! தோ பாரு, சங்கிலி!"

"யக்கா, அது எங்கம்மா," என்றார் படகுக்காரர் லோகு. "எங்கம்மா மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"அப்ப எங்கம்மா சங்கிலி உங்கம்மா கழுத்துல இன்னா பண்ணுது? தூக்கிகினு போயிட்டாளா?"

சண்டை பிடித்துக்கொண்டது.*

* இருவரும் பேசிய மற்ற வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது. கேட்க நன்றாக இருந்தது.

3

பிரிசில்லாதான் நடுவில் புகுந்தார். "கொஞ்சம் மத்த படத்தையும் பாருங்கம்மா."

பார்த்தோம். அடுத்தவள் கழுத்திலும் அதே மயில். அதற்கடுத்தவள் கழுத்திலும். ஒரே சங்கிலி! ஒருத்தி கழற்றித் தர, அடுத்தவள் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். சங்கிலி போட்ட ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மகனோ மகளோ வந்து பெயர் சொல்லிவிட்டார்கள். ஆதியம்மாள் மட்டும் எதிலும் இல்லை.

(இங்கே 'யோகேஸ்வரியின் கண்களில் கடல்...' என்று தொடங்கினேன். வேண்டாம். அவர் அழவில்லை.) கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது.

"அப்போ இந்த ஊர்ப் பொம்பளைங்க அத்தினி பேரையும் ஜோடிச்சு நிறுத்துனது எங்கம்மாதான?"

"ஆமா யக்கா," என்றார் லோகு. குரல் இறங்கியிருந்தது.

"அத்த எழுதச் சொல்லு இவர." என்னைக் காட்டினார். "கோயில் டியூப்லைட்டுல எழுதறாங்களே, அது மாரி."

எழுதினேன். இப்போது சங்கிலி போட்ட ஒவ்வொரு படத்தின் கீழும், பெயருக்கு அடியில் இருக்கிறது: 'சங்கிலி உபயம்: ஆதியம்மாள்.' இத்தனை வருடம் எழுதியதில் எனக்குப் பெருமையான வரி இதுதான். அதுவும் அவர் சொல்லிக் கொடுத்தது.

4

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மூலையில் ஒரு படம் மிச்சம். வெறுங்கழுத்தோடு வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு பெண். எல்லோரும் சங்கிலியையே தேடியதில் அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

முடிவு ஒன்று: அவள்தான் ஆதியம்மாள். தன் முறை வந்தபோது, சங்கிலியோடு எவளோ சாமி பார்க்க ஓடிவிட்டாள்.

முடிவு இரண்டு: திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரி.

முடிவு மூன்று: அந்தப் படத்தை...

இதற்குள் லோகு குறுக்கே வந்துவிட்டார். "யக்கா, சங்கிலிய கழட்டிட்டு அது பக்கத்துல போய் நில்லு. ஒரு வாட்டி சிரி."

யோகேஸ்வரி கழற்றி லோகுவின் கையிலேயே கொடுத்தார். படத்தருகே போய் நின்றார்.

"நல்லா பாத்துச் சொல்லுங்கடா!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

கூடம் என்ன சொன்னது என்று எழுத மாட்டேன். அந்தப் படத்தின் கீழே பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். படம் கூடத்தில் இருக்கிறது. யோகேஸ்வரி காலையில் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் இருப்பார். இரண்டு சிரிப்பையும் பார்த்துவிட்டு நீங்களே எழுதுங்கள். மீன் வாங்கினால்தான் சிரிப்பார்.