முப்10 3

"என் தம்பிக்கு வயசு எத்தனைன்னு தெருவே கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு! இதுக்கு யாரு பொறுப்பு?"

தையல்கடைக்காரி கழுத்திலிருந்த அளவுநாடாவைக்கூடக் கழற்றாமல் வந்து கத்திக்கொண்டிருந்தாள். கையில் அன்று காலை வெளியான எங்கள் வட்டார வாரப் பத்திரிகை. எதிரே பத்திரிகை முதலாளி, புரூஃப் பார்க்கும் அம்மணி, பக்கம் கட்டும் லேஅவுட்காரன். அந்த லேஅவுட்காரன்தான் தம்பி. நான் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே காய்ந்த துணிதான். ஆனால் பத்திரிகை ஆபீஸ் ஜன்னல் திறந்திருந்ததே, என்ன செய்ய?

"என்னைப் பாக்காதீங்க," என்றாள் புரூஃப் அம்மணி. "பத்து வரைக்கும் எழுத்துல போடுங்க, அதுக்கு மேல எண்ணுல போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டா?"

"எல்லாமே எண்ணுல இருந்தாதாம்மா இந்தக் காலத்துப் பசங்க படிப்பாங்க," என்றார் முதலாளி. "மாத்துன்னு சொன்னேன். இப்படியா மாத்தச் சொன்னேன்?"

நடந்தது இதுதான். இந்த இருவரின் சண்டையில் அலுத்துப்போன லேஅவுட்காரன், அச்சுக்குப் போகிற நேரத்தில் கம்ப்யூட்டரிடமே பொறுப்பை விட்டுவிட்டான். ஒன்று என்று எங்கே இருந்தாலும் 1, ஆறு என்றால் 6, பத்து என்றால் 10. கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. முதல் பக்கத்தில் 'மார்க்கெட் முனையில் லாரி வி10'. உள்ளே ஒரு இரங்கல் செய்தியில் 'குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த 6தல்'. துக்க வீட்டிலிருந்து ஆள் வந்து, "அதென்ன, எங்களுக்கு மட்டும் ஆறு மார்க்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்கெல்லாம் லேஅவுட்காரன் வயிறு வலிக்கச் சிரித்தானாம். மணமகள் தேவை பக்கத்தைத் திருப்பும்வரை. அங்கே அவனுடைய விளம்பரமே இருந்தது.

'வயது முப்10 3. கெட்ட பழக்கம் 1ம் இல்லை. ஆ10க்கு உதவும் குணம். 6தலாகப் பேசும் மணமகள் தேவை.'

"கெட்ட பழக்கம் முதலாம் நம்பர் இல்லையாம், அப்ப ரெண்டாவது மூணாவது என்னான்னு பால் வாங்கப் போன இடத்துல கேக்கறாங்கடா!" என்று தம்பியின் முதுகில் ஒரு அடி வைத்தாள் தையல்கடைக்காரி. "இந்த விளம்பரமும் போச்சுன்னா உனக்குக் கடைசிவரைக்கும் நான்தான் சோறு வடிக்கணும்!"

அவன் முதுகைத் தடவிக்கொண்டான். முப்பத்து மூன்று என்று எழுதிக் கொடுத்ததே அவள்தான். பாவாடையை மடித்துத் தைப்பதுபோல் பத்து வயதை உள்ளே மடித்துத் தைத்திருந்தாள்.

அப்போது போன் அடித்தது. அந்த போனில் ஸ்பீக்கரை அணைக்க அந்த ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. தெய்வச் செயல்.

"கணக்கு டியூஷன் எடுக்கறவ பேசறேன். விளம்பரம் பாத்தேன். முப்பது, அதோட பத்து, அதோட மூணு. நாப்பத்தி மூணு. சரிதானே?"

முதலாளி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"எத்தனையோ விளம்பரம் பாத்துட்டேன். எல்லாரும் முப்பத்தி மூணுலயே உக்காந்துட்டாங்க. உள்ளதைப் போட்டு, கூட்டிக்கோன்னு விட்டவரு நீங்க ஒருத்தர்தான்."

தையல்கடைக்காரி கத்தரிக்கோல்போல் விரலை ஆட்டி, இல்லையென்று சொல்லச் சொன்னாள். அவன் அக்காவைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.

"சரிதாங்க. நாப்பத்தி மூணுதான்."

அக்கா பழைய பேப்பர் கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ரெண்டாவது பழக்கம் என்னங்க?"

"யோசிக்காம பட்டனை அமுக்கறதுங்க."

"அது பரவால்ல, சரி பண்ணிக்கலாம்."

போனை வைத்ததும் அடுத்த பூகம்பம். "வர்ற வாரம் திருத்தம் போடுங்க, முப்பத்து மூணுன்னு!" என்றாள் அக்கா. "மேடம், அப்படிப் போட்டா நான் பொய்யனாயிடுவேன். அப்படியே விட்டுடுங்க," என்று இவன் புரூஃப் அம்மணியின் காலில் விழாத குறை. பிழையை அப்படியே விடுவதா? அம்மணிக்குச் சாப்பாடு இறங்குமா? நான் எட்டிப் பார்த்த வேகத்தில் என் தலையணை உறை தெருவில் போய் விழுந்தது.

அடுத்த வாரம் திருத்தம் வந்தது. 'சென்ற இதழில் முப்10 3 என்று வந்ததை நாற்பத்து மூன்று என்று திருத்திப் படிக்கவும்.' அதிலும் 43 என்று போட்டால் இடம் மிச்சம் என்று முதலாளி இழுத்தாராம். "போடுங்களேன், அப்படியே 6தலும் இன்னொரு தடவை போட்டுடுங்க," என்றாளாம் அம்மணி. மனிதர் எழுத்திலேயே போடச் சொல்லிவிட்டார்.

லேஅவுட்காரனுக்கும் புரூஃப் அம்மணிக்கும்தான் ஏதோ இருக்கிறது என்று நான் இரண்டு வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அது வீணாய்ப் போயிற்று. அவன் கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துப் பக்கம் குடிபோய்விட்டான். அம்மணி வெளியூரில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் அட்டைக்குப் புரூஃப் பார்க்கிறாள். அங்கே எழுத்தே கிடையாது, எல்லாம் எண்தான்.

தையல்கடைக்காரி ஏன் அப்படிக் குதித்தாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தம்பிக்கே நாற்பத்து மூன்று என்றால் அக்காவுக்கு எவ்வளவு? இங்கே வருடக்கணக்காக நாற்பதைத் தாண்டாமல் இருந்தவள். அவளும் கடையைக் காலி செய்துகொண்டு தூரத்தில் வேறொரு பேட்டைக்குப் போய்விட்டாள். அங்கே லேஅவுட்காரன் வந்தால் "எங்க அண்ணன்" என்றுதான் சொல்கிறாளாம்.