வெட்டாத மூன்றரை மணி நேரம்

கும்மிடிப்பூண்டி பஜாரில் கடை வைத்துக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஷஹனாஸுக்கு, 2006இல் ஒரு ரசாயனக் கம்பெனியிலிருந்து வேலை வந்தது. ஆலையைப் பெரிதாக்க மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தைப் படம் பிடிக்க வேண்டும். கூட்டம் மூன்றரை மணி நேரம் நீண்டது. நெல் பயிரிடும் அஞ்சம்மாள் பிடித்த மைக்கை விடவே இல்லை. கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானதையும், அதைக் குடித்த சினை எருமை செத்ததையும் அழாமல் சொன்னாள்.

மறுநாள் கம்பெனி மேலாளர் பாக்கியநாதன் கடைக்கு வந்தார்.

“சிடியில ஒரு மணி நேரந்தானேம்மா புடிக்கும்? நம்ம ஆளுங்க பேசுனது போதும். அந்தம்மா கத்துனத, இடமில்லன்னு வெட்டிடு.”

ஷஹனாஸ் தலையாட்டவில்லை. அன்றே ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், டிவிடியில் பதியும் டிரைவ் ஒன்று வாங்கினாள். கடைக்காரர் சாதாரண டிவிடியை எடுத்து வைத்தார். அதில் இரண்டு மணி நேரம்தான் கொள்ளும்.

“இன்னும் பெருசா இல்லியா?”

ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்காகப் பதியும் டிஸ்க்கைக் காட்டினார். “நாலு மணி நேரம் புடிக்கும். ஒருதபா எழுதினா அழிக்க முடியாது.”

“அதான் வேணும்.”

முதல் டிஸ்க், இரண்டாம் அடுக்குக்கு மாறும் இடத்தில் கெட்டுப்போனது. வேகத்தைக் குறைத்து மறுபடி பதிந்தாள். கரண்ட் போய்விடக் கூடாதே என்று கம்ப்யூட்டர் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பாக்கியநாதன் திரும்பி வந்ததும் ஒரு டிஸ்க்கை நீட்டினாள்.

“முழுசும் இருக்குது சார்.”

“வெட்டச் சொன்னேனே?”

“இடமில்லன்னு வெட்டச் சொன்னீங்க. இதுல இடம் இருக்குது.”

அவர் முகம் இறுகியது. “அழிச்சிட்டு வேற போடு.”

“இத அழிக்க முடியாது சார். ஒடைக்கலாம். ஒடச்சிக்கோங்க. அஞ்சம்மா ஊட்ல ஒண்ணு இருக்குது. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்லயும் ஒண்ணு குடுத்தாச்சு.”

“இனிமே எந்தக் கம்பெனியும் உன்னக் கூப்பிடாது.”

“வேணாம் சார். கல்யாணம் நடந்துக்கினுதான் இருக்குது.”

அவர் சொன்னபடியே கம்பெனி வேலைகள் நின்றன. ஆனால் எதிர்ப்பே எழவில்லை என்று கம்பெனி கொடுத்த அறிக்கையை டிஸ்க்கோடு ஒப்பிட்ட அதிகாரி, கூட்டத்தை மறுபடி நடத்தச் சொன்னார்.

அந்தக் கூட்டத்துக்கு ஷஹனாஸை யாரும் அழைக்கவில்லை. வாசலில் காவலாளி மறித்தான்.

“யார் கூப்ட்டாங்க?”

“பொதுக்கூட்டந்தானே? நானும் பொதுஜனந்தான்.”

அவனைத் தாண்டிப்போய், மேடைக்கு நேர் எதிரே கேமராவை நிறுத்தினாள்.